ஒன்றுமே நடக்காத பாட்டு

இந்த வாரம் மூன்று ஆல்பங்களைச் சிபாரிசு செய்யப் போகிறேன். முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். மூன்றிலும் பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, தாளம் கிடையாது. ஒன்றில் மட்டும் பெண்குரல் வருகிறது. அதிலும் வார்த்தை கிடையாது, வெறும் 'ஆ'தான். இன்னொன்றை முழுசாகக் கேட்டு முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தில் என்னென்ன 'நடக்கிறது' என்பதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். பாதி கார்டு மிச்சமிருக்கும்.

'இதுக்கு எதுக்கு சார் ஆல்பம்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜே இதைத்தானே பாடிக்கிட்டிருக்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வகை எலெக்ட்ரானிக் இசையை முதன்முதலாகக் கேட்கிற எல்லாரும் கேட்பதுதான். ஒரு முறை வீட்டில் இவற்றில் ஒன்றைப் போட்டபோது பக்கத்து அறையிலிருந்து 'என்ன, மாட்டிக்கிச்சா?' என்று குரல் வந்தது. மாட்டிக்கொள்ளவில்லை, அதுதான் சங்கதி என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. உங்களுக்கும் அதையே விளக்கப் பார்க்கிறேன்.

ஒரு சினிமாப் பாட்டைக் கேட்கும்போது உங்கள் மனசு என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அது எப்போதும் ஒரு அடி முன்னால் போய் நிற்கிறது. முன்னிசை முடிந்தால் பல்லவி வரும், இடையிசை முடிந்தால் சரணம் வரும், கடைசியில் மறுபடி பல்லவிக்குத் திரும்பும் என்று காத்திருக்கிறது. எதிர்பார்த்தது வந்தால் ஒரு சந்தோஷம், கொஞ்சம் மாற்றி வந்தால் இன்னும் சந்தோஷம். கச்சேரியிலும் அதேதான். தனி ஆவர்த்தனத்தில் கோர்வையைக் கன்னாபின்னாவென்று கணக்குப் போட்டுச் சுற்றிச் சுற்றி அடித்து, கடைசியில் பாட்டின் எடுப்பில் டாணென்று வந்து விழுந்தால் சபா கைதட்டுகிறது. வந்து சேர்ந்ததற்கான கைதட்டல் அது.

இப்போது அந்த 'வந்து சேர்வதை' எடுத்துவிடுங்கள். எங்கேயும் போகப் போவதில்லை, எங்கேயும் வந்து சேரப் போவதில்லை என்று இசை முதலிலேயே தெரிவித்துவிட்டால், காத்திருந்து பழகிய மனசு என்ன செய்யும்? முதலில் எரிச்சல்படும். அப்புறம் போரடிக்கும். அதற்கும் அப்புறம் என்ன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதை வெளிநாட்டுக் கிறுக்கு என்று தள்ளுவதற்கு முன் தம்புராவை நினைத்துப் பாருங்கள். நாலே நாலு தந்தி. ப-ஸ-ஸ-ஸ. பாடுபவர் வருவதற்கு முன்னால் அதை மட்டும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் யாருமே மீட்டாத ஒரு காந்தாரம் மேலே மிதந்து வரும். மாயமில்லை. தந்திக்குள் இருக்கிற துணை ஒலிகளில் ஐந்தாவது அது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகுகிற சின்ன நூல் துண்டு, அந்தத் துணை ஒலிகளையெல்லாம் தட்டி எழுப்பி வெளியே விடுகிறது. முதல் நிமிஷத்தில் அந்தக் காந்தாரம் இல்லையா? இருந்தது. உங்கள் காதுதான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தச் சமாசாரத்தை அமெரிக்காவில் சிலர் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். லா மான்ட் யங் என்பவர் 1960-ல் ஒரு படைப்பு எழுதினார். மொத்தமே இரண்டு சுரம், நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே இருக்கவும் என்று ஒரு குறிப்பு. நம் கணக்கில் அது வெறும் ஸ-ப. அலி அக்பர் கானின் இசைத்தட்டில் தம்புராவைக் கேட்டு மயங்கியவர் அவர். கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத் 1970-ல் நியூயார்க் போனபோது அவரும், அவரது நண்பர் டெர்ரி ரைலியும் முறையாகச் சிஷ்யர்களாகவே சேர்ந்துவிட்டார்கள். மினிமலிஸம் என்று இன்று சொல்கிற இசையின் தாத்தாக்களில் இரண்டு பேர் இவர்கள்.

அதற்கும் முன்னால், 1946-ல் நியூயார்க்குக்கு ஒரு இந்தியப் பெண் வந்தார். அகமதாபாத்தின் கீதா சாராபாய். ஜான் கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடங்க வைத்து மேலான விஷயங்களுக்குத் தயார்ப்படுத்தத்தான் என்று தன் குரு சொன்னதைச் சொன்னாராம். கேஜ் அதை ஆயுசுக்கும் மறக்கவில்லை. 1952-ல் அவர் எழுதிய பிரபலமான படைப்பில் வாத்தியக்காரர் 4 நிமிடம் 33 விநாடி ஒன்றுமே வாசிக்க மாட்டார். அரங்கத்தின் இருமலும் நாற்காலிக் கிறீச்சும்தான் இசை. கீதா சாராபாயும் சும்மா இருக்கவில்லை. 1969-ல் அகமதாபாத் தேசிய டிசைன் கழகத்தில் டேவிட் ட்யூடர் வந்து மூக் சிந்தஸைஸர் வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தபோது அதிலும் இசை செய்திருக்கிறார். அந்த நாடாக்கள் பல வருஷம் அலமாரியில் தூங்கி, 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன. ஆக, இந்த விவகாரத்தில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

சரி, ஆல்பங்களுக்கு வருவோம்.

முதலாவது, ப்ரையன் ஈனோவின் 'ம்யூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', 1978. ஈனோ ஜெர்மனியில் கொலோன்-பான் விமான நிலையத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கட்டடம் அழகாக இருந்தது, காலை வெளிச்சம் அழகாக இருந்தது. ஸ்பீக்கரில் வந்த இசை மட்டும் சகிக்கவில்லை. லிஃப்ட்டிலும் கடைகளிலும் ஒழுகுகிற அந்த டப்பா இசைக்கு அமெரிக்காவில் 'ம்யூஸாக்' என்று பெயர். 1930களிலிருந்தே அதை விற்பதற்கென்று அதே பெயரில் ஒரு கம்பெனி இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓயாமல் பல்லைக் காட்டுகிற இசை. விமானத்தில் ஏறப்போகிறவனுக்கு மனசின் ஓரத்தில் 'பத்திரமாகப் போய் இறங்குவோமா' என்று ஒரு சின்ன பயம் இருக்கிறது. அதை மறைத்துச் சிரிக்காமல், அதற்கும் இடம் கொடுக்கிற இசை வேண்டும் என்று நினைத்தார் ஈனோ.

அதில் '2/1' என்று பெயருள்ள இரண்டாவது பகுதியைப் பாருங்கள். சில பெண்களை ஆளுக்கு ஒரு சுரம் 'ஆ' என்று பாட வைத்துப் பதிவு செய்தார். ஒவ்வொரு சுரத்தின் நாடாவையும் முனையோடு முனை ஒட்டி வட்டமாக்கினார். இதைத்தான் லூப் என்கிறோம். நாடா ரொம்ப நீளமாகப் போனதால் ஸ்டூடியோவில் இருந்த அலுமினிய நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓட விட்டார்கள். ஒரு சுரம் இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒரு தடவை வரும். இன்னொன்று இருபத்தைந்தே முக்கால் விநாடியைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்றாவது முப்பதுக்கு ஒரு இம்மி குறைவு. ஓட விட்டுவிட்டு ஈனோ ஓரமாக உட்கார்ந்துவிட்டார். எப்போது எந்தச் சுரம் எதோடு சேரும், எப்போது மௌனம் விழும் என்பதை நாடாக்களே பார்த்துக்கொண்டன.

ஈனோ சொன்ன அந்த மூன்று எண்களையும் (23½, 25⅞, 29 15/16) எடுத்து மீ.சி.ம. கண்டுபிடித்தேன். ஆறாம் வகுப்புக் கணக்குதான், பென்சில் போதும். அந்த மூன்று சுரங்கள் மட்டும் ஒரே சமயத்தில் கிளம்பினால், மறுபடி அதே மாதிரி மூன்றும் ஒன்றாக வர கிட்டத்தட்ட 27 நாட்கள் ஆகும்! உண்மையில் லூப்கள் மூன்றுக்கு மேல் இருக்கின்றன. பாட்டோ ஒன்பது நிமிஷம்கூட இல்லை. மிருதங்கக்காரர் கோர்வையில் நமக்குக் கொடுக்கிற வாக்குறுதி, கணக்கு கடைசியில் சேரும் என்பது. இங்கேயும் கணக்கு சேரும், ஆனால் அதைக் கேட்க நாம் அங்கே இருக்க மாட்டோம். ஒரு மாதத்தில் ஒன்பது நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறோம். சோகமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் அந்தப் பகுதி ஒரு மாதிரி மனசை அசைப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறையையும் சொல்லவேண்டும். நாலாவது பகுதியில் சிந்தஸைஸர் கொஞ்சம் அதிகமாகவே இனிக்கிறது. அழகு நிலையத்துக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்புகிறது. தவிர, இந்த இசை கவனிக்கத் தக்கதாகவும், கவனிக்காமல் விடத் தக்கதாகவும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று ஆல்பத்தின் குறிப்பில் ஈனோ ஒரு கொள்கை எழுதினார். அதில் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது ஆல்பம், வில்லியம் பாஸின்ஸ்கியின் 'டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்'. 2002-லும் 2003-லுமாக நாலு பாகங்களாக வெளிவந்தது. தமிழில் 'உதிரும் சுற்றுகள்' என்று சொல்லலாம்.

பாஸின்ஸ்கி 1980களில் நியூயார்க்கில் பணமில்லாத இளைஞர். ரேடியோவில் வழிந்துகொண்டிருந்த, ஈனோ முகம் சுளித்த அதே ஜாதி டப்பா இசையிலிருந்து சில விநாடிகளைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, வட்டமாக ஒட்டி வைத்திருந்தார். இருபது வருஷம் கழித்து, 2001 கோடையில், பழைய நாடாக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கலாம் என்று எடுத்தார். ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூளைப் பசையால் ஒட்டியது. இருபது வருஷத்தில் பசை செத்துவிட்டது. நாடா சுற்றச் சுற்ற, மெஷினின் தலையில் உரசி, இசை தூள் தூளாக உதிர ஆரம்பித்தது. பாஸின்ஸ்கிக்கு முதலில் பகீரென்றிருக்கும். ஆனால் நிறுத்தவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தியபடி கடைசி வரை ஓட விட்டார்.

முதல் பாகத்தின் முதல் பகுதி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சில விநாடி நீளமுள்ள ஒரு மெட்டு, தூரத்தில் எங்கோ பித்தளை வாத்தியங்கள் ஊதுகிற மாதிரி, திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை என்று சத்தியம் செய்வீர்கள். அப்புறம் ஓரிடத்தில் ஒரு சின்ன பொத்தல். ஒரு சுரத்தின் தலை இல்லை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் பொத்தல் கொஞ்சம் பெரிசு. முக்கால் மணி நேரத்தில் மெட்டின் நடுவில் மௌனம் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் எலும்புக்கூடு மட்டும் தடக், தடக் என்று சுற்றுகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அப்போதும் உங்கள் காது முழு மெட்டையும் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லாமல் போனதை ஞாபகம் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. வயதான ஒருவர் ஞாபகம் தவறுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த வேலை நடந்த சில வாரங்களில் 2001 செப்டம்பர் 11 வந்தது. புரூக்ளினில் பாஸின்ஸ்கியின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. அன்று மாலை, வெளிச்சம் மங்கும் கடைசி ஒரு மணி நேரத்துப் புகையை வீடியோவில் எடுத்தார். மறுநாள் இந்த இசையை அதனோடு சேர்த்தார். ஆல்பத்தின் அட்டைகளில் அந்தப் படங்கள்தான். இறந்தவர்களுக்குச் சமர்ப்பணம். அதிலிருந்து இந்த ஆல்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு கோபுரங்களில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இங்கேதான் விமர்சகன் கொஞ்சம் முரண்டு பிடிக்கவேண்டும். அந்தக் கதை இல்லாவிட்டால் இந்த இசை நிற்குமா? இவ்வளவு பெரிய துக்கத்தின் தோளில் ஏறிக்கொண்டு வந்தால் எந்த இசைக்கும் கண்ணீர் வரும் அல்லவா? என் பதில், நிற்கும். நாடா உதிர்ந்தது செப்டம்பருக்கு முன்னால். இசை எந்த அரசியலையும் பேசவில்லை, யாரையும் குற்றம் சாட்டவில்லை. பசை காய்ந்துபோனதால் நடந்தது அது. ஒரு சந்தேகம் இருந்தால், இந்தக் கதையெல்லாம் தெரியாத ஒருவருக்குச் சும்மா போட்டுக் காட்டுங்கள். 'யாரோ போயிட்ட மாதிரி இருக்கு' என்ற ரீதியில் ஏதாவது சொல்லுவார். ஆனால் நாலு பாகமும் சம தரம் இல்லை. சில லூப்களில் உதிர்வது தவிர வேறு விசேஷம் இல்லை, மெட்டே சுமார். முதல் பாகம் போதும்.

2011-ல், பத்தாவது நினைவு நாளன்று, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இதை ஆர்கெஸ்ட்ரா வைத்து வாசித்தார்கள். நாடா உதிர்வதை மனிதர்கள் வாசித்துக் காட்டுவது. யோசனையாக அழகு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயலின்காரர் அந்தச் சுரத்தை வாசிக்காமல் விடுகிறார். அடுத்த நாள் வேண்டுமானால் வாசித்துவிடலாம். நாடாவால் முடியாது.

மூன்றாவது ஆல்பத்துக்கு நல்ல ஹெட்ஃபோனும் ஒரு விடுமுறை நாளும் தேவை. எலியான் ராடிக் 1932-ல் பாரிஸில் பிறந்தவர். பியர் ஷாஃபர், பியர் ஆன்ரி போன்ற நாடா இசை முன்னோடிகளிடம் வேலை கற்றவர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'ஆர்ப் 2500' என்ற பீரோ சைஸ் சிந்தஸைஸரை வாங்கினார். வாங்கும்போது கீபோர்டு வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தாராம். கீபோர்டு இருந்தால் விரல் மெட்டுப் போடத் தொடங்கிவிடுமே! குமிழ்களை மட்டும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், திருகித் திருகியே சுமார் முப்பது வருஷம் இசை செய்தார்.

1970களின் நடுவில் திபெத்திய பௌத்தத்துக்கு வந்தார். 'ட்ரிலோஜி த லா மோர்', அதாவது மரணத்தைப் பற்றிய மூன்று பாகங்களில் முதலாவது 1988-ல் முடிந்தது. இறப்புக்கும் மறு பிறப்புக்கும் நடுவே உயிர் கடக்கும் நிலைகளைச் சொல்கிற திபெத்திய நூலை அடிப்படையாகக் கொண்டது. அடுத்த வருஷம், 1989-ல், அவருடைய மகன் கார் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த இரண்டாம் பாகத்தின் பெயர் 'கைலாஷா'. கைலாய மலையை மனசாலேயே வலம் வருவது. மூன்றாவது 1993-ல் முடிந்தது.

சாவைப் பற்றி ஒரு தாயின் இசை என்றதும் ஒப்பாரியை எதிர்பார்ப்பீர்கள். ஒரு விசும்பல் கிடையாது. அடியில் ஒரு கனத்த ரீங்காரம், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் இரண்டு இசைக் கவைகளைத் தட்டி வைத்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கும். நூறு ஹெர்ட்ஸும் நூற்றரை ஹெர்ட்ஸும் சேர்ந்தால் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை. ராடிக்கின் மொத்த இசையும் இதில்தான் நடக்கிறது. குமிழை அரை மயிரிழை திருப்பினால் அந்த ஏற்ற இறக்கம் மூச்சு மாதிரி மெதுவாகிறது, இதயத் துடிப்பு மாதிரி வேகமாகிறது, பிறகு கரைகிறது. இதற்கு நம் பௌதிகப் பாடப் புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. விம்மல். கலைச்சொல் உருவாக்கிய புலவர் ராடிக்கைக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்பது சுலபமில்லை. முதல் இருபது நிமிஷம் மனசு குரங்காட்டம் போடும். கேஸ் புக் பண்ணினோமா, நாளைக்கு என்ன கிழமை என்றெல்லாம் கேட்கும். பிறகு எப்போதோ, எப்போது என்று சொல்ல முடியாமல், ஒலி மாறியிருப்பது தெரியும். மாறியதைக் காது பிடிக்கவில்லை, மாறியிருப்பதைத்தான் பிடித்தது. கூடவே இருக்கும்போது குழந்தை வளர்ந்ததும் அப்படித்தான், பெற்றோருக்கு வயதானதும் அப்படித்தான். மற்ற இசை சாவைப் பற்றிச் சொல்லும். இந்த இசை, விட்டுவிடுவதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுக்கிறது. எனக்கு மூன்றிலும் இதுதான் உசத்தி. 'கைலாஷா'வை மட்டும் தனியாகக் கேட்டாலும் போதும்.

இப்போது பாக்கி வைத்த விஷயம். 'கவனிக்காமல் விடலாம்' என்ற பாதியை எடுத்துக்கொண்ட கூட்டம்.

இன்றைக்கு எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பைத் திறந்தாலும் 'தூக்கத்துக்கு', 'படிப்புக்கு', 'மன அமைதிக்கு' என்று பிளே லிஸ்ட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. மெதுவான பியானோ, கொஞ்சம் மழைச் சத்தம், கொஞ்சம் எதிரொலி. மேலோட்டமாகக் கேட்டால் ஈனோ மாதிரியே இருக்கும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் ஒரு கணக்கு, அதற்குத்தான் காசு. இந்த ஏற்பாட்டில் ராடிக்கின் ஒரு மணி நேரமும் ஒரு கணக்குதான், ரெண்டு நிமிஷ பியானோத் துண்டும் ஒரு கணக்குதான். அதே ஒரு மணி நேரத்தில் ரெண்டு நிமிஷத் துண்டுகள் முப்பது ஓடிவிடும். பிறகு யார் ஒரு மணி நேர இசை செய்வார்கள்? ம்யூஸாக்கை எதிர்த்துப் புறப்பட்ட வண்டி, ஊரைச் சுற்றிவிட்டு ம்யூஸாக் ஸ்டாண்டிலேயே வந்து நிற்கிறது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றுதான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பத்து நிமிஷம் வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேளுங்கள். பிளே லிஸ்ட் சரக்கு அந்தக் கவனிப்பைத் தாங்காது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது மூன்றாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கவனிக்கக் கூடாது என்பதற்காகவே செய்தது அது. ஈனோவும் பாஸின்ஸ்கியும் ராடிக்கும் கவனிக்கக் கவனிக்க விரிவார்கள். ஒன்று உங்களைத் தூங்க வைக்கிறது, இன்னொன்று விழித்திருக்க வைக்கிறது. இரண்டுக்கும் 'தியானம்' என்று ஒரே லேபிள் ஒட்டி விற்கிறார்கள். தியானம் சுகமாக இருக்கும் என்று யார் சொன்னது? உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். கால் மரத்துப்போகும், வேண்டாத ஞாபகமெல்லாம் வரும்.

'ராஜா நிர்வாணமா வர்றாரு, நீங்க சட்டை நல்லா இருக்குங்கிறீங்க' என்று சிலர் சொல்லலாம். இந்தத் துறையிலும் போலிகள் உண்டு, சந்தேகமே இல்லை. ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்து, ஆல்பம் என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போலி இல்லாத கலை எது? சுலபமாகச் செய்யலாம் போலத் தோன்றுவதால் இதில் போலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு ஜாலியான உதாரணமும் உண்டு. 2005-ல் பெய்ஜிங்கைச் சேர்ந்த எஃப்.எம்.3 என்ற இரட்டையர் 'புத்தா மெஷின்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். கை அடக்கமான பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்பீக்கர், ஒன்பது லூப்கள். சி.டி. கிடையாது, டப்பாதான் ஆல்பம். சீனத்துக் கோயில்களில் மந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும் மலிவு விலைப் பெட்டிகளைப் பார்த்து வந்த யோசனை. நம் ஊர் பூஜை அறைகளில் ப்ளக்கில் செருகி வைத்திருக்கிறோமே, நாள் முழுக்க 'ஓம்' சொல்லும் குட்டிப் பெட்டி, அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஈனோவே அதை வாங்கினார். நம் வீட்டில் யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்து 'மாட்டிக்கிச்சா' என்று கேட்பதில்லை என்பதைக் கவனிக்கவும்.

கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். ராடிக்கில் ஆரம்பிக்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள். முதலில் ஈனோவின் '2/1'. சத்தம் குறைவாக, ஜன்னல் திறந்திருக்க, தெருச் சத்தத்தோடு சேர்த்தே கேளுங்கள். காய்கறிக்காரர் குரல் குறுக்கே வந்தால் வரட்டும், கெட்டுப்போகாது. பாஸின்ஸ்கியை ராத்திரியில், பாதியில் நிறுத்தாமல். ராடிக்கை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். கீழ் ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய் கொசு சத்தம்தான் மிஞ்சும். மூன்றையும் ஒரே நாளில் கேட்பது உடம்புக்கு ஆகாது.

பத்து நிமிஷம் கொடுத்தும் பிடிக்கவில்லையா? தயங்காமல் அணைத்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அணைத்த கையோடு அடுத்த பாட்டைப் போடாமல் ஒரே ஒரு நிமிஷம் பொறுங்கள். மின்விசிறிக்கு ஒரு சுருதி இருப்பது கேட்கிறதா என்று பாருங்கள்.